பிள்ளைக்கு முதல் வேட்டை ரைஃபிள்: வாங்கும் முன் கையை அளந்து பாருங்கள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நவம்பர் வந்தால், தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள் மான் வேட்டைக் காலம். பெட்ரோல் பங்க், மளிகைக்கடை, எங்கே பார்த்தாலும் பளீர் ஆரஞ்சு ஜாக்கெட். என் மகளுக்குப் பத்து வயதாக இருந்தபோது, வகுப்புத் தோழி ஒருத்தி மான் அடித்த கதையைக் கேட்டுவிட்டு வந்து, "அப்பா, நம்ம வீட்ல யாரும் போகமாட்டோமா?" என்றாள். எனக்குத் துப்பாக்கியோடு இருந்த பழக்கமெல்லாம் கல்லூரி என்.சி.சி. முகாமில் குப்புறப் படுத்து .22 ரைஃபிளில் ஐந்து தோட்டா சுட்டதுதான். நம் ஊரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, வேட்டை என்பது படிப்படியாகச் சட்டப்படி இல்லாமலே போய்விட்டது. அதனால் அப்பாவிடமோ தாத்தாவிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ள நம்மில் பெரும்பாலோருக்கு வழி கிடையாது.

நான் கேட்டது ஒரு கடைக்காரரிடம். அவர் எடுத்துக் கொடுத்தது .308 (இந்த எண்கள் துப்பாக்கி எந்த வகைத் தோட்டாவைச் சுடும் என்பதைச் சொல்பவை), பெரியவர்கள் அளவு, ஆனால் எடை குறைவான மாடல். "வளரும் பிள்ளைதானே, இரண்டு வருடத்தில் சரியாகிவிடும்" என்றார். பள்ளிச் சீருடையை இரண்டு சைஸ் பெரிதாக எடுத்துப் பழகிய நமக்கு அது எவ்வளவு நியாயமாகப் பட்டிருக்கும் பாருங்கள். உடனே தலையாட்டிவிட்டேன். முதல் தடவை சுடப் போனபோது, தோளில் பதியும் அடிக்கட்டை நீளம் என்பதால், ஸ்கோப்பில், அதாவது குறி பார்க்கும் தொலைநோக்கியில், படம் தெரிய அவள் கழுத்தை முன்னே நீட்டிக் கண்ணை ஒட்டிவைத்தாள், விசையை இழுத்ததும் ஸ்கோப் விளிம்பு புருவத்தில் வந்து இடித்தது. பிறை மாதிரி ஒரு வெட்டு, மூன்று தையல். கண்ணில் நீர் நிற்க, "வலிக்கலைப்பா" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இதை எழுதுகிறேன். நமக்கு ஏமாற்றம் தரக் கூடாது என்று பிள்ளைகள் வலியை மறைப்பார்கள். எனவே அளவு பார்க்க வேண்டியது நாம்தான்.

துப்பாக்கிக்கு முன் காகிதம்

அமெரிக்காவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் முதலில் பார்க்க வேண்டியது விசா. குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால் வாங்குவதற்கு விசா தடையில்லை. எச்-1பி, எஃப்-1, எச்-4 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூட்டாட்சிச் சட்டம் தடை போடுகிறது. இதற்குச் சில விலக்குகள் உண்டு, அதில் நமக்கு உதவக்கூடியது, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். "வைத்திருப்பது" என்றால் சொந்தமாக வாங்குவது மட்டும் இல்லை, சுடும் தளத்தில் வாடகைக்கு எடுத்துக் கையில் பிடிப்பதும் அதில் வரும். விளையாட்டாக நண்பர்களோடு ரேஞ்சுக்குப் போய்ப் படம் எடுத்துப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும், ஏனென்றால் துப்பாக்கிக் குற்றம் நாடு கடத்தும் அளவுக்குப் போகக்கூடியது. உங்கள் வீட்டில் யாராவது ஒருவருக்குத் தற்காலிக விசா என்றாலும் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு தடவை பேசிவிட்டுத் தொடங்குங்கள்.

அப்புறம், உரிமம் பெற்ற கடைக்காரர் 18 வயதுக்குக் குறைந்தவருக்கு ரைஃபிள் விற்க முடியாது. பெற்றோர் தன் பணத்தில் வாங்கிப் பிள்ளைக்குப் பரிசாகக் கொடுப்பது கூட்டாட்சிச் சட்டப்படி சரி. ஆனால் வாங்கத் தகுதியில்லாத நண்பர் பணத்தைக் கொடுத்து "உங்க பேர்ல வாங்கிக் கொடுங்க" என்றால், எவ்வளவு நெருக்கமானவராக இருந்தாலும் முடியாது என்று சொல்லிவிடுங்கள். கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் பொய் சொன்னதாக ஆகும், அது பெரிய குற்றம்.

மாநில விதிகள் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. விஸ்கான்சினில் 2017 முதல், பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் கூடவே இருந்தால் பிள்ளைக்குக் குறைந்தபட்ச வயது என்று எதுவும் இல்லை. 1973 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்திருக்க வேண்டும், அதாவது உங்களில் பெரும்பாலோரும்தான். பிள்ளையை அனுப்பிவிட்டுக் காரில் உட்காராமல் பக்கத்து நாற்காலியில் நீங்களும் உட்காருங்கள். சட்டம் எத்தனை வயதிலும் போகலாம் என்றாலும், எட்டு வயதுப் பிள்ளையை மான் வேட்டைக்கு அழைத்துப் போவதில் எனக்குச் சம்மதமில்லை. சொன்னதைச் சொன்னபடி, அலுத்துப்போன நேரத்திலும், குளிரில் நடுங்கும்போதும் கேட்கிற பிள்ளையா என்பதுதான் என் கணக்கு. வீட்டில் கத்தரிக்கோலைக் கையில் கொடுத்தால் எப்படி நடக்கிறான், எப்படி நீட்டுகிறான் என்று கவனித்தாலே பாதி தெரிந்துவிடும்.

முதல் ரைஃபிள் மான் ரைஃபிள் இல்லை

கடையில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள், ஆனால் முதலில் வாங்க வேண்டியது .22 தான். மானுக்கு இது ஆகாது. விஸ்கான்சினில் .22 ரிம்ஃபயர் என்ற இந்தச் சின்னத் தோட்டாவால் மான் சுடுவது சட்டவிரோதம், சட்டம் இல்லாவிட்டாலும் மானைக் காயப்படுத்தித்தான் விடும். ஆனால் சுட்டதும் துப்பாக்கி தோளில் பின்னால் இடிக்கும் உதையே தெரியாது, சத்தம் குறைவு, தோட்டாவின் விலை பெரிய தோட்டாவின் விலையில் மிகச் சிறு பங்கு. ஒரு சனிக்கிழமை மதியம் ஐம்பது தடவை சுட்டுப் பழகலாம். குறி பார்க்கவும், மூச்சை விட்டு நிறுத்தவும், விசையை வெடுக்கென்று இழுக்காமல் மெல்ல அழுத்தவும் கற்றுக்கொள்வதெல்லாம் இதில்தான்.

இதில் ஒரே தோட்டா போடும் போல்ட் ரைஃபிளாக, அதாவது போல்ட் என்ற கைப்பிடித் தண்டைக் கையால் திறந்து மூடுவதாகப் பாருங்கள். சாவேஜ் ராஸ்கல் மூன்று பவுண்டுக்கும் குறைவு, போல்ட்டைத் தூக்கினாலே சுடுவதற்கான ஸ்பிரிங் உள்ளே இழுபட்டுத் தயாராகிவிடும். கிரிக்கெட் என்ற குட்டி ரைஃபிளில் போல்ட்டை மூடிய பிறகு அதே வேலைக்குப் பின்னால் ஒரு குமிழைத் தனியாக இழுக்க வேண்டும். அது கூடுதல் பாதுகாப்பு என்பார்கள், சின்ன விரல் வழுக்குவதைப் பார்த்த எனக்கு அது பிடிக்கவில்லை. 1964 முதல் வருகிற ரூகர் 10/22 அருமையான துப்பாக்கி, ஆனால் ஒவ்வொரு தடவை விசையை இழுத்ததும் அடுத்த தோட்டா தானாக ஏறிவிடும் என்பதால் முதல் வருடத்துக்கு வேண்டாம். ஒற்றைத் தோட்டா ரைஃபிளில் ஒரு தடவை சுட்டால் துப்பாக்கி காலி. பழகும் பிள்ளைக்கும் பக்கத்தில் நிற்கும் அப்பாவுக்கும் அதைவிட நிம்மதி வேறு கிடையாது.

ஒரு முழு வருடம், வேண்டுமானால் இரண்டு வருடம், இதிலேயே ஓட்டுங்கள். செப்டம்பர் நடுவில் தொடங்கும் அணில் வேட்டைக்கு இது போதும். எங்கள் வீட்டில் அணில் என்றதும் ஊரிலிருந்து போனில் மாமியார், "ராமர் தடவிக் கொடுத்த ஜீவன்டா" என்று பதறிவிட்டார், இங்குள்ள சாம்பல் அணிலுக்கு முதுகில் மூன்று கோடு கிடையாது என்று சொல்லியும் கேட்கவில்லை. சரி என்று முயலோடு நிறுத்திக்கொண்டோம்.

கண், கை, கழுத்து

துப்பாக்கியைத் தொடும் முன் எந்தக் கண் மேலோங்கியது, அதாவது குறி பார்க்கப் பிள்ளை தன்னை அறியாமல் எந்தக் கண்ணை நம்புகிறது என்று பாருங்கள். பிள்ளை இரண்டு கையையும் நீட்டி, உள்ளங்கைகளுக்கு நடுவில் சின்ன முக்கோண இடைவெளி விட்டு, அதன் வழியே இரண்டு கண்ணையும் திறந்து உங்கள் மூக்கைப் பார்க்கட்டும். முக்கோணத்தில் உங்களுக்குத் தெரிகிற கண்தான் அது. வலது கைப் பிள்ளைக்கு இடது கண் மேலோங்கியிருந்தால், என் அனுபவத்தில் சின்ன வயதிலேயே இடது தோளில் வைத்துப் பழக்குவது சுலபம். நண்பர் ஒருவர் பையனுக்கு அப்படித்தான். ஒரு வருடம் குறி தப்பிக்கொண்டே இருந்தவன் தோளை மாற்றிய மறு வாரமே தேறினான்.

அடுத்து நீளம். விசையிலிருந்து அடிக்கட்டையின் பின்முனை வரை உள்ள தூரத்தைக் கடையில் "லெங்த் ஆஃப் புல்" என்பார்கள். பெரியவர்கள் ரைஃபிளில் அது பெரும்பாலும் 13.5 முதல் 14 அங்குலம், பிள்ளைகள் மாடலில் 12, 12.5. பார்க்கும் விதம் எளிது. தோட்டா இல்லை என்று நீங்களும் கடைக்காரரும் தனித்தனியாகச் சரிபார்த்த பிறகு, பிள்ளை முழங்கையை மடக்க, அடிக்கட்டையின் பின்முனையை முழங்கை மடிப்பில் வைத்து, ஆள்காட்டி விரலின் முதல் கணு விசை வரை வசதியாக எட்டுகிறதா என்று பாருங்கள். இதோடு நிறுத்தாமல் தோளில் வைக்கச் சொல்லி, பக்கவாட்டில் நின்று முதுகைப் பாருங்கள். முதுகு பின்னால் வளைந்து வயிறு முன்னே தள்ளினால், ஒன்று நீளம் அதிகம் அல்லது முன்பக்கம் கனம். கன்னம் கட்டையில் பதியாமல் தாடை மட்டும் ஒட்டினால் உயரம் பொருந்தவில்லை.

முக்கியமான ஒன்று. இந்த அளவை ஆகஸ்டில் டி-ஷர்ட்டோடு பார்க்காதீர்கள். நவம்பர் காலையில் உள்ளாடை, ஸ்வெட்டர், பஞ்சு ஜாக்கெட், அதற்கு மேல் ஆரஞ்சு மேலங்கி. தோளில் நன்றாக ஒரு அங்குலம் கூடிவிடும். கடைக்குக் குளிர் ஜாக்கெட்டைக் கையோடு எடுத்துப் போங்கள், கையுறையும்தான். கையுறை விரல் விசைக் கூண்டுக்குள் நுழைகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

அடிக்கட்டையில் தகடு வைத்து நீட்டிக்கொள்ளும் மாடல்கள் உண்டு. மாஸ்பர்க் பேட்ரியட்டின் பிள்ளைகள் மாடல் 12லிருந்து 13 அங்குலம் வரை போகும். பட்டுப்பாவாடையில் டக் பிடித்துத் தைத்து, பிள்ளை வளர வளர ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துவிடுவோமே, அதே ஏற்பாடு. ரூகர் அமெரிக்கன் காம்பேக்ட்டும், சாவேஜ் ஆக்ஸிஸின் குட்டை மாடலும் 12.5 அங்குலத்தைச் சுற்றி வரும். எல்லாமே நம்பகமானவை. பிராண்டு பற்றிய சண்டையில் நேரத்தைச் செலவழிக்காமல், இவற்றில் உங்கள் பிள்ளையின் கன்னம் எதில் தானாகப் போய் உட்காருகிறதோ அதை எடுங்கள்.

எந்தத் தோட்டா

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான், நான் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. பொருந்தாத கட்டையில் மென்மையான தோட்டாவும் முரட்டுத்தனமாக உதைக்கும்.

உதையை அடி-பவுண்டில் கணக்கிடுவார்கள். ஏழரை, எட்டு பவுண்டு துப்பாக்கியில் தோராயமாகச் சொன்னால் .243 வின்செஸ்டர் 9, 7மிமீ-08 ரெமிங்டன் 12 அல்லது 13, .308 வின்செஸ்டர் 16, .30-06 சுமார் 20. பிள்ளைகள் மாடல் எடை குறைவு என்பதால் அதே தோட்டா இன்னும் கூடுதலாக உதைக்கும். "லேசாக இருக்கிறது, பிள்ளை சுமப்பான்" என்று வாங்குகிற இடத்தில் நான் ஏமாந்தது இப்படித்தான். மானுக்காக உட்காரப் போவது கூடாரத்தில், பத்து மைல் நடக்கப் போவதில்லை. அரைப் பவுண்டு கூட இருந்தால் நல்லது.

பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு என் வாக்கு .243க்குத்தான். 1955இல் .308 தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்துக் கழுத்தைக் குறுக்கிச் செய்த தோட்டா இது. 90 முதல் 100 கிரெய்ன் (தோட்டா முனையின் எடையைச் சொல்லும் அலகு) வரையிலான மான் தோட்டாவாகப் பார்த்து வாங்குங்கள். 55, 58 கிரெய்ன் பெட்டிகளும் அதே அலமாரியில் இருக்கும், அவை நரி போன்ற சின்ன விலங்குகளுக்கு, மான் தோளில் பட்டால் மேலேயே சிதறிவிடும். கொஞ்சம் பெரிய பிள்ளை, பெரியவனான பிறகும் இதையே வைத்துக்கொள்ளட்டும் என்றால் 7மிமீ-08 அல்லது 6.5 கிரீட்மோர். 7மிமீ-08க்கு ஹார்னடி கஸ்டம் லைட் மாதிரி உதை குறைத்த தோட்டாவும் வருகிறது, தொடக்கத்தில் அது கைகொடுக்கும். .223 இன்னும் மென்மை, பல மாநிலங்களில் மானுக்குச் சட்டப்படி சரிதான், ஆனால் தோட்டாத் தேர்விலும் குறியிலும் பிழைக்கு இடமே தராது, அதனால் பழகும் கைக்கு நான் சொல்ல மாட்டேன். ஓஹையோவில் இருப்பவர்களுக்கு இந்தப் பட்டியல் பயன்படாது. அங்கே ரைஃபிளில் மான் சுடக் கழுத்துக் குறுகாத நேரான கூடு கொண்ட தோட்டாக்களே செல்லும், 2019இல் வந்த .350 லெஜண்ட் அதற்கு ஏற்றது, உதையும் குறைவு.

முடிந்தால் செம்புத் தோட்டா வாங்குங்கள். ஈயத் தோட்டா உடலுக்குள் பொடியாகச் சிதறி, கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் காயத்திலிருந்து தள்ளியும் கறியில் தங்கும். 2008இல் வடக்கு டகோட்டாவில் தானமாக வந்த மான்கறியில் ஈயம் தெரியவந்து பெரிய பேச்சானது. அந்தக் கறியை நம் வீட்டில் குழம்பு வைத்துச் சாப்பிடப் போவது பிள்ளைகள்தான். விலை கூடுதல்தான், இருந்தாலும் வருடத்துக்கு இரண்டு பெட்டிக்கு மேல் ஆகாது. .22இல் பழகிவிட்டு வந்தாலும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் முறுக்கு டப்பாவைத் திறக்க விட வேண்டும்.

போல்ட் ரைஃபிள் போதும். வெளியே சுத்தியல் தெரியும் ஒற்றைக் குழல் மாடல்கள் விலை குறைவு, ஆனால் சுடாமல் சுத்தியலைக் கட்டைவிரலால் இறக்க வேண்டி வரும்போது, குளிரில் விறைத்த சின்ன விரல் நழுவினால் வெடிக்கும். சேஃப்டி (சுடாமல் தடுக்கும் பூட்டு) போட்டபடியே போல்ட்டைத் திறந்து தோட்டாவை எடுக்க முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். ஸ்கோப் எளிமையானது போதும், குறைந்த பெருக்கம் 2 அல்லது 3இல் தொடங்கி, கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நான்கு அங்குலமாவது இடம் விடுகிற மாதிரி. அதைப் பொருத்தும்போது உங்கள் கண்ணுக்கு வைக்காதீர்கள், பிள்ளை கண்ணை மூடிக் கன்னத்தைக் கட்டையில் சாய்த்து, பிறகு கண்ணைத் திறந்தால் படம் முழுதாகத் தெரிய வேண்டும். எங்கள் மூன்று தையலுக்கு இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்யாததும் ஒரு காரணம்.

குழல் முனையில் உதை குறைக்கும் பிரேக் என்று ஒன்றைக் காட்டுவார்கள். உதை குறையும், சத்தம் காதைக் கிழிக்கும். .22 கூட 140 டெசிபல் வாக்கில் போகும், பெரிய தோட்டா 160ஐத் தாண்டும். காதுக்குள் பஞ்சடைப்பான், அதற்கு மேல் காதுக்கவசம், இரண்டும் வேண்டும். பிள்ளைகள் பயந்து நடுங்குவதில் பாதி சத்தத்துக்குத்தான்.

கண்ணை மூடுகிறதா

"வலிக்குதா?" என்று கேட்காதீர்கள், இல்லை என்றுதான் பதில் வரும். .308ஐ விற்றுவிட்டு .243 வாங்கிய பிறகும் என் மகளுக்குத் தோட்டா கீழேயே போய்க்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர், நாற்பது வருடமாக மான் வேட்டைக்குப் போகிறவர், ஒரு வேலை செய்தார். அவள் பார்க்காதபோது துப்பாக்கிக்குள் நிஜத் தோட்டாவுக்குப் பதில் பொய்த் தோட்டாவைப் போட்டுக் கொடுத்தார். அவள் விசையை அழுத்த, "டக்" என்று ஒரு சின்னச் சத்தம் மட்டும். ஆனால் குழல் முனை ஒரு விரல்கடை கீழே குனிந்தது, கண் இறுக்க மூடியிருந்தது. உதையே இல்லாத இடத்தில் உடம்பு உதையை வாங்கிக்கொண்டது. அவளே அதைப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அவளைப் பயமுறுத்தியது நான் வாங்கிக் கொடுத்த துப்பாக்கி.

அதற்குப் பிறகு மூன்று மாதம் பெரிய துப்பாக்கியைத் தொடவில்லை. .22, வீட்டில் பொய்த் தோட்டாவோடு விசைப் பழக்கம், மறுபடி .22. திரும்ப .243க்கு வந்தபோது ஒரு நாளைக்கு ஐந்து தோட்டா, அதற்கு மேல் கிடையாது. இதில் அவசரப்படாதீர்கள். கண்ணை மூடிச் சுடும் பிள்ளையின் தோட்டா மானின் வயிற்றிலோ காலிலோ படும், அந்த மான் ராத்திரி முழுக்க எங்கேயோ கிடந்து சாகும், பிள்ளையும் அதைச் சுமக்கும்.

வீட்டில் எங்கே இருக்கும்

துப்பாக்கி வாங்கும் அன்றே பெட்டகமும் வாங்குங்கள், பட்ஜெட்டில் அதைச் சேர்த்தே கணக்குப் போடுங்கள். துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறு பூட்டில், சாவியோ எண்ணோ பிள்ளைக்குத் தெரியக் கூடாது. "அவளோட துப்பாக்கி" என்பது பேச்சுக்குத்தான், எடுப்பதும் வைப்பதும் நீங்கள். 2013இல் கென்டக்கியில் ஐந்து வயதுப் பையன் ஒருவன், தனக்குப் பரிசாக வந்த குட்டி .22 ரைஃபிளால் தன் இரண்டு வயதுத் தங்கையைச் சுட்டுவிட்டான், குழந்தை இறந்துபோனது. துப்பாக்கி வீட்டில் ஒரு மூலையில் சாத்தியிருந்தது, உள்ளே தோட்டா இருப்பது பெரியவர்களுக்கே தெரியவில்லை. பெட்டகம் வர நாளாகும் என்றால், பல ஊர்களில் காவல் நிலையத்திலேயே கம்பிப்பூட்டு இலவசமாகக் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள். விருந்தாளிகள் வரும் தீபாவளி, பொங்கல் நாட்களில் வீடு நிறையப் பிள்ளைகள் ஓடும், அன்றைக்குக் காலையில் ஒரு தடவை பூட்டை இழுத்துப் பார்த்துவிடுவது என் வழக்கம்.

வேட்டைக் காலத்துக்கு இரண்டு வாரம் முன்பு கடைசிச் சோதனை. ஆறு அங்குலக் காகிதத் தட்டை 75 கெஜத்தில் மாட்டி, வேட்டைக்குப் போடும் அதே ஜாக்கெட்டோடு, மேசையில் இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்து முக்காலித் தாங்கியில் துப்பாக்கியை வைத்து, மூன்று தோட்டா. மூன்றும் தட்டில் விழுந்தால் இந்த வருடம் 75 கெஜத்துக்குள் சுடலாம். ஒன்று தப்பினாலும் 50 கெஜத்துக்கு வாருங்கள், அங்கேயும் தப்பினால் இந்த வருடம் பைனாகுலரோடு கூட வரட்டும். என் மகள் முதல் வருடம் அப்படித்தான் வந்தாள்.

அவளுக்கு இப்போது பதின்மூன்று. போன வாரம் ஜாக்கெட்டைப் போட்டு முழங்கை மடிப்பில் வைத்துப் பார்த்தோம், விரல் விசையைத் தாண்டிப் போய்விட்டது. இரண்டு திருகைக் கழற்றி ஒரு தகடு சேர்த்தேன். ஸ்கோப்பை அரை அங்குலம் பின்னுக்கு நகர்த்த வேண்டும், அது இந்தச் சனிக்கிழமை.